எடைமேடையும் 339-ஆம் பிழையும்

2007 ஜனவரியில் எம்எஸ்சி நாப்போலி என்ற கொள்கலன் கப்பல் ஆங்கிலக் கால்வாயில் புயலில் சிக்கி உடல் விரிசல் கண்டது. மாலுமிகள் மீட்கப்பட்டார்கள். கப்பலை இழுத்துவந்து இங்கிலாந்தின் தென்கரையில் தரைதட்ட விட்டார்கள். பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுப் பிரிவு பிறகு நடத்திய விசாரணையில், மேல்தளத்தில் நனையாமல் தப்பியிருந்த சுமார் 660 கொள்கலன்களின் உண்மை எடையைத் தாளில் எழுதிக் கொடுத்திருந்த எடையோடு ஒப்பிட்டது. 137 கொள்கலன்களில் வித்தியாசம் 3 டன்னுக்கு மேல் இருந்தது. மிகப் பெரிய வித்தியாசம் 20 டன். எடை பற்றிய பொய் கப்பலின் முதுகெலும்பையே சோதிக்கும் என்பதற்குக் கையில் எண்கள் கிடைத்துவிட்டன. அனைத்துலகக் கடல்சார் அமைப்பு, கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் உடன்படிக்கையைத் திருத்தியது. 2016 ஜூலை 1 முதல், எடை சரிபார்க்கப்படாத கொள்கலனைக் கப்பலில் ஏற்ற முடியாது.

மலேசியாவின் போர்ட் கிள்ளானுக்கு இது சின்ன விஷயமல்ல. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் என்ற பெயரில் திறக்கப்பட்டு, 1972-இல் இன்றைய பெயரைப் பெற்ற இத்துறைமுகம் 2023-இல் 1 கோடியே 40 லட்சத்துக்கும் மேற்பட்ட இருபதடி அலகுகளைக் கையாண்டது. நோர்த்போர்ட், வெஸ்ட்போர்ட்ஸ் முனையங்களின் வாயில்களோடு மட்டும் எடை போடும் வேலை முடிந்துவிடுவதில்லை. பண்டமாரானிலும் பூலாவ் இண்டாவிலும் உள்ள கிடங்குகள், லோரி கம்பெனிகள், பழைய இரும்பு வியாபாரிகள், செம்பனை ஆலைகள் என்று எடைமேடைக்கு வேலை இருக்கும் இடங்கள் பல. மேடைக்கு அடியில் சுமையை உணரும் உணரிகள். மேசைமேல் எடையைக் காட்டும் சிறு பெட்டி. அதிலிருந்து ஒரு கம்பி கணினிக்குப் போகும். கணினியில் ஓடும் நிரல் லோரி எண்ணைக் கேட்டு, எடையை வாங்கி, சீட்டு அச்சடிக்கும். லோரி சுமையோடு ஒருமுறை, வெறுமையாக ஒருமுறை ஏறும். கழித்தால் சரக்கின் எடை.

இந்த நிரல்களில் பழையவை பல 1998-இல் வெளிவந்த விஷுவல் பேசிக் 6 மொழியில் எழுதப்பட்டவை. இருபது ஆண்டுகளைத் தாண்டியும் அவை ஓடிக்கொண்டிருக்கக் காரணம் சோம்பலோ கஞ்சத்தனமோ அல்ல; அவை வேலையைச் சரியாகச் செய்கின்றன. எந்த வாடிக்கையாளருக்கு எந்தக் கட்டணம், ஈரப்பதத்துக்கு எவ்வளவு கழிவு, எந்த லோரியின் வெற்று எடை எவ்வளவு என்று ஒரு தொழிலின் நுணுக்கமெல்லாம் அந்த நிரலுக்குள்தான் இருக்கிறது. எழுதியவர் எங்கேயோ போயிருப்பார். மூலநிரல் இருந்த குறுந்தட்டும் போயிருக்கும்.

இப்போது பூலாவ் இண்டாவுக்குப் போகும் சாலையோரம் இப்படி ஓர் எடைமேடை இருப்பதாக வைத்துக்கொள்வோம். 2025 அக்டோபர் 14-இல் விண்டோஸ் 10-க்கான ஆதரவு முடிந்ததால் முதலாளி புதுக் கணினி வாங்குகிறார். பழைய கணினியிலிருந்து நிரலை ஒரு பென்டிரைவில் நகலெடுத்து, புதியதில் போட்டு, இருமுறை சொடுக்குகிறார்கள். ஒரு சிறு பெட்டி எழும்புகிறது. இயக்க நேரப் பிழை 339. எம்எஸ்காம்32.ஓசிஎக்ஸ் என்ற கூறோ, அது சார்ந்திருக்கும் கோப்புகளில் ஒன்றோ சரியாகப் பதிவாகவில்லை. ஒரு கோப்பு இல்லை அல்லது செல்லாது. 'ஓகே' என்ற ஒரே ஒரு பொத்தான். அதை அழுத்தினால் நிரலும் மூடிக்கொள்கிறது. வெளியே லோரிகள் வரிசை கட்டுகின்றன.

அந்தச் செய்தியில் ஒரு சொல்லும் வீணில்லை. ஆனால் அதைப் படிக்க, விண்டோஸ் நிரல்கள் எப்படிக் கட்டப்பட்டன என்று தெரிந்திருக்க வேண்டும்.

1988-இல் மைக்ரோசாஃப்டில் டோனி வில்லியம்ஸ் என்ற பொறியாளர் நிறுவனத்துக்குள் மட்டும் சுற்றிய ஒரு கட்டுரையை எழுதினார். ஒரு நிரல், தான் எழுதப்பட்ட நாளில் பிறந்தேயிராத இன்னொரு நிரலோடு எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்பதுதான் அவர் எடுத்துக்கொண்ட சிக்கல். அவர் காட்டிய வழி எளிமையானது: முன்கூட்டி எதையும் அனுமானிக்காதே, கேட்டுத் தெரிந்துகொள். ஒவ்வொரு கூறும் மூன்று கேள்விகளுக்குக் கட்டாயம் பதில் சொல்ல வேண்டும். உனக்கு இந்த வேலை தெரியுமா என்பது முதலாவது. உன்னைப் பயன்படுத்துவோர் கணக்கில் ஒருவரைச் சேர்த்துக்கொள், ஒருவரைக் கழித்துக்கொள் என்பவை மற்ற இரண்டு. கணக்கு பூச்சியத்தைத் தொட்டதும் கூறு நினைவகத்தை விட்டுத் தானே விலகிவிடும். இந்த எண்ணம் வளர்ந்து 1993-இல் காம் என்ற பெயரில் வெளிவந்தது. நிரல்கூறு ஒழுங்கு என்று அதைச் சொல்லலாம். சில மெகாபைட் நினைவகத்தோடு கணினிகள் திணறிய காலத்தில், பத்து நிரல்கள் ஒரே கூறைப் பகிர்ந்துகொள்வது பெரிய சேமிப்பு.

விஷுவல் பேசிக் அந்த ஒழுங்கைச் சாதாரண நிரலாளரின் கைக்குக் கொண்டுவந்தது. எடைகாட்டியோடு பேச வேண்டுமென்றால் நிரலாளர் தன் படிவத்தின்மேல் தொலைபேசி உருவம் போட்ட ஒரு சின்னத்தை இழுத்துவந்து வைப்பார். அதுதான் எம்எஸ்காம் கூறு. வேகம் 9600, சமநிலை பிட் இல்லை, தரவு பிட் 8, நிறுத்த பிட் 1 என்று ஒரே வரியில் சொல்லிவிட்டால் போதும். எடைகாட்டி அனுப்பும் எழுத்துத்தொடர் நிரலுக்குள் வந்து விழும். முதலில், எடை நிலைத்துவிட்டதா இன்னும் ஆடுகிறதா என்பதற்கு ஈரெழுத்துக் குறி, பிறகு மொத்த எடையா நிகர எடையா என்பதற்கு இன்னொரு குறி, அதன் பின் எண், கடைசியில் கிலோ. மின்னணுவியலில் தேர்ச்சி இல்லாத ஒருவரும் ஒரே மாலையில் எடைமேடை நிரலின் எலும்புக்கூட்டை எழுதிவிடலாம். அட்டவணை காட்ட ஒரு கூறு, கோப்பு திறக்கும் பெட்டிக்கு ஒரு கூறு, அறிக்கை அச்சிட ஒரு கூறு என்று எல்லாம் கடையில் கிடைத்தன. 1990-களின் சிறுதொழில் மென்பொருள்கள் இப்படித்தான் பெருகின.

சிக்கலின் வித்தும் இங்கேதான் விழுந்தது. விஷுவல் பேசிக் 6 நிரலுக்கு உயிர் கொடுக்கும் அடிப்படைக் கோப்பு இன்றைய விண்டோஸ் 11 வரை எல்லாக் கணினிகளிலும் உடன் வருகிறது. மொழிக்கான ஆதரவு 2008 ஏப்ரலில் முடிந்த பிறகும், அந்த அடிப்படைக் கோப்பை விண்டோஸோடு தொடர்ந்து வழங்குவதாக மைக்ரோசாஃப்ட் உறுதி சொல்லியிருக்கிறது. ஆனால் எம்எஸ்காம் போன்ற கூடுதல் கூறுகள் விண்டோஸில் இல்லை. அவற்றைக் கொண்டுவந்து சேர்ப்பது நிரலின் நிறுவல் தட்டு செய்யும் வேலை. நிறுவல் தட்டு தொலைந்து, நிரல் கோப்பை மட்டும் தூக்கிவந்தால், நிரல் பாதி உயிரோடு எழுந்து 339 என்று சொல்லிவிட்டு விழுகிறது.

கூறு ஒன்றை விண்டோஸ் எப்படிக் கண்டுபிடிக்கிறது என்பதைப் போர்ட் கிள்ளானில் உள்ளவர்களுக்கு விளக்குவது எளிது. ஒவ்வொரு கொள்கலனின் மேலும் ஓர் எண் எழுதியிருக்கும். நான்கு எழுத்து, ஆறு இலக்கம், கடைசியில் ஒரு சோதனை இலக்கம். சிஎஸ்க்யூயூ 305438 என்றால் சோதனை இலக்கம் 3 என்றுதான் வர வேண்டும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரு மதிப்பு கொடுத்து, 1, 2, 4, 8 என்று இரட்டித்துக்கொண்டே போகும் எண்களால் பெருக்கிக் கூட்டி, 11-ஆல் வகுத்தால் மீதி 3. ஓர் இலக்கத்தைக் கிராணி தவறாக அடித்துவிட்டால் அநேகமாக உடனே பிடிபடும். உரிமையாளர் குறியைப் பாரிஸில் உள்ள ஒரு பன்னாட்டு அமைப்பு பதிவு செய்கிறது. பெட்டி கண்முன்னே நின்றாலும், அதன் எண் முனையத்தின் கணினியில் இல்லையென்றால் கிரேன் அதைத் தொடாது.

காம் கூறுக்கும் ஓர் எண் உண்டு. 128 பிட் நீளம். எழுதிக் காட்டினால் 32 பதினறும இலக்கங்கள். ஆனால் பாரிஸ் அலுவலகம் போல எதுவும் இதற்கு இல்லை. உலகில் யாரும் யாரையும் கேட்காமல் தன் கூறுக்குத் தானே எண் உண்டாக்கிக்கொள்ளலாம். இன்னொருவர் எண்ணோடு மோதாது. தொடக்கத்தில் இந்த எண்ணைக் கணினியின் பிணைய அட்டை முகவரியையும் நேரத்தையும் கலந்து உண்டாக்கினார்கள். நேரத்தை எண்ணத் தொடங்கிய நாள் 1582 அக்டோபர் 15, அதாவது கிரெகோரியன் நாட்காட்டி நடைமுறைக்கு வந்த நாள். அன்றிலிருந்து ஒரு நொடியின் ஒரு கோடியில் ஒரு பங்காக எண்ணிக்கொண்டு வருகிறார்கள். விண்டோஸ் 2000 முதல் இந்த எண் பெரும்பாலும் தற்போக்கில் உருவாக்கப்படுகிறது. 2-ஐ 128 முறை பெருக்கினால் வரும் எண்ணிக்கை, 34-க்குப் பின்னால் 37 பூச்சியங்கள் போட்ட அளவு. மோதல் வராது என்று நம்ப அது போதும்.

எண்ணுக்கும் கோப்புக்கும் உள்ள உறவு விண்டோஸின் ரெஜிஸ்ட்ரி என்ற பதிவேட்டில் இருக்கிறது. நிரல் ஒரு கூறைக் கேட்டதும் விண்டோஸ் அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடும். அங்கே ஒரு முகவரி எழுதியிருக்கும்: இந்த வட்டில், இந்த அடைவில், இந்தக் கோப்பு. அதைத் திறந்து நினைவகத்தில் ஏற்றும். யார் அந்த முகவரியை எழுதியது? கூறேதான். பதிவு செய்யும் கருவியான ரெக்எஸ்விஆர்32 செய்வதெல்லாம் கோப்பை நினைவகத்தில் ஏற்றி, 'உன்னைப் பதிவு செய்துகொள்' என்று சொல்வது மட்டுமே. மற்றதையெல்லாம் கூறுக்குள் இருக்கும் ஒரு சிறு செயல்பாடு பார்த்துக்கொள்கிறது.

ஆகவே 339 என்ற ஒரே பிழைக்குப் பின்னால் வெவ்வேறு குறைகள் நிற்கலாம். கோப்பே இல்லாமல் இருக்கலாம். கோப்பு இருந்தும் பதிவு இல்லாமல் இருக்கலாம். பதிவு இருந்தும், யாரோ அடைவை இடம் மாற்றியதால் முகவரி வெறுமையைக் காட்டலாம். கோப்பும் பதிவும் சரியாக இருந்தும், அந்தக் கோப்பு நம்பியிருக்கும் வேறொரு கோப்பு காணாமல் போயிருக்கலாம். இந்தக் கடைசி வகைதான் பலரைத் தவறான பாதையில் அலைய விடுகிறது. பிழைச்செய்தி எம்எஸ்காம் பெயரைச் சொல்லும். குறையோ அதன் பின்னால் ஒளிந்திருக்கும். 80040154 என்ற நீண்ட எண்ணும் இதே குடும்பம்தான். தொடக்கத்து 8 தோல்வி என்று சொல்கிறது, நடுவில் உள்ள 4 எந்தப் பகுதியில் என்பதைக் காட்டுகிறது, கடைசி 154 காரணம்: வகுப்பு பதிவாகவில்லை.

பூலாவ் இண்டா எடைமேடைக்குத் திரும்புவோம். கிள்ளானிலிருந்து ஒரு கணினித் தொழில்நுட்பர் வருகிறார் என்று வைப்போம். அனுபவசாலி என்றால் புதுக் கணினியைத் தொடுவதற்கு முன் அவர் கேட்பது இதுதான்.

"அக்கா, பழைய பெட்டி எங்க?"

"ஸ்டோர்ல கிடக்கு தம்பி. பழைய சாமான்காரன் நாளைக்கு வந்து தூக்குறேன்னான்."

"வேணாம்னு சொல்லுங்க. நமக்கு வேண்டியது எல்லாம் அதுலதான் இருக்கு."

அவர் சொல்வது முழு உண்மை. ஓடிக்கொண்டிருந்த கணினி ஒன்றுதான், இந்த நிரலுக்கு எந்தெந்தக் கூறுகள் எந்தப் பதிப்பில் தேவை என்பதற்கான ஒரே சாட்சி. ப்ராசஸ் மானிட்டர் என்ற இலவசக் கருவியை அதில் ஓடவிட்டு நிரலைத் திறந்தால், அது தொடும் ஒவ்வொரு கோப்பும், படிக்கும் ஒவ்வொரு பதிவும் வரிவரியாக ஓடும். இக்கருவி, மார்க் ருசினோவிச்சும் பிரைஸ் காக்ஸ்வெல்லும் தொடங்கி 2006-இல் மைக்ரோசாஃப்ட் வாங்கிய சிஸ்இன்டர்னல்ஸ் குழுவின் படைப்பு. இதையே புதுக் கணினியில் ஓடவிட்டால் சில வரிகளின் ஓரத்தில் 'பெயர் கிடைக்கவில்லை' என்று வரும். எல்லா நிரல்களும் பல இடங்களில் தேடிப் பார்த்துவிட்டுப் போவதால் இப்படிப்பட்ட வரிகள் ஏராளமாக இருக்கும். அவற்றில் பெரும்பாலானவை குற்றமற்றவை. நிரல் சாவதற்குச் சற்று முன்னால் வரும் வரிகளைத்தான் பார்க்க வேண்டும். பழைய கணினியில் வெற்றி, புதியதில் தோல்வி என்று இருக்கும் முதல் வரி பெரும்பாலும் குறையைக் காட்டிக்கொடுத்துவிடும்.

கோப்பைப் பழைய கணினியிலிருந்து எடுத்தாயிற்று. எங்கே வைப்பது? 64 பிட் விண்டோஸில் இது பலரைக் குழப்புகிறது. 64 பிட் கோப்புகள் இருக்கும் அடைவின் பெயர் சிஸ்டம்32. 32 பிட் கோப்புகள் இருக்கும் அடைவின் பெயர் சிஸ்வாவ்64. பெயரைப் பார்த்தால் தலைகீழாகத் தோன்றும். ஆயிரக்கணக்கான பழைய நிரல்கள் சிஸ்டம்32 என்ற பெயரைத் தங்களுக்குள் எழுதி வைத்திருந்ததால், 64 பிட்டுக்கு மாறும்போதும் அவை உடையாமல் இருக்க அந்தப் பெயரையே வைத்துக்கொண்டார்கள். விஷுவல் பேசிக் 6 நிரல் எப்போதும் 32 பிட். அதன் கூறை சிஸ்டம்32-இல் போட்டுவிட்டுப் பதிவு செய்ய முயன்றால், 32 பிட் பதிவுக்கருவியின் பார்வையை விண்டோஸ் சிஸ்வாவ்64 பக்கம் திருப்பிவிடும். அங்கே கோப்பு இல்லை. 'கோப்பைக் காணோம்' என்ற பதில் வரும். திரையிலோ கோப்பு தெளிவாகத் தெரியும். ரெஜிஸ்ட்ரியிலும் இதே போல 32 பிட்டுக்குத் தனி அறை இருக்கிறது.

அடுத்தது அதிகாரம். 2007-இல் விண்டோஸ் விஸ்டாவோடு வந்த மாற்றத்துக்குப் பிறகு, கணினி முழுவதற்குமான பதிவை நிர்வாகி உரிமையோடுதான் எழுத முடியும். கட்டளைச் சாளரத்தை நிர்வாகியாகத் திறக்காமல் பதிவு செய்தால் 80004005 போன்ற எண்ணோடு மறுப்பு வரும். கோப்பைப் பிணைய வட்டில் வைத்துப் பதிவு செய்பவர்களுக்கு இன்னொரு தடை: சாதாரணப் பயனராக இருக்கும்போது இணைத்த பிணைய வட்டு, நிர்வாகிச் சாளரத்தில் பொதுவாகத் தெரியாது. கோப்பைக் கணினிக்குள்ளேயே வைத்துவிடுவதே நல்லது.

இத்தனையும் சரியானதும் நிரல் திறக்கிறது. எடை வரவில்லை. இப்போது பிழை எண் 8002, செல்லாத சீரியல் போர்ட் எண். இதற்கும் பதிவுக்கும் தொடர்பில்லை, ஆனால் இரண்டும் பெரும்பாலும் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் வருகின்றன. புதுக் கணினியில் ஒன்பது ஊசிச் சீரியல் துளை இல்லாததால் யுஎஸ்பி மாற்றி ஒன்றை வாங்கி மாட்டியிருப்பார்கள். விண்டோஸ் அதற்குத் தோன்றிய எண்ணைக் கொடுத்திருக்கும்; மாற்றிகளைப் பலமுறை மாற்றி மாற்றிச் செருகிய கணினியில் அது 17, 18 என்றுகூடப் போயிருக்கும். எம்எஸ்காம் கூறோ 16 வரைதான் ஏற்கும். சாதன மேலாளரில் போய், நிரலில் எழுதியிருக்கும் பழைய எண்ணையே அந்த மாற்றிக்குக் கொடுத்தால் எடைகாட்டியின் எண்கள் திரையில் வந்து நிற்கும். இதை அறியாமல், சரியாக ஓடும் நிரலைப் பழுதென்று தூக்கியெறிந்து புதிய எடைமேடை மென்பொருளுக்குப் பணம் கட்டுவது வீண்.

பழைய கணினி ஏற்கெனவே கை மாறிப் போய்விட்டிருந்தால்? அப்போதுதான் பலர் வலையில் தேடி, கோப்பின் பெயரைப் போட்டுக் கண்ட தளத்திலிருந்தும் இறக்கிக்கொள்கிறார்கள். இது செய்யக் கூடாத காரியம். பதிவு செய்வது என்றால் அந்தக் கோப்பை நிர்வாகி அதிகாரத்தோடு ஓடவிடுவது என்று பொருள். கூறு தன்னைத்தானே பதிவு செய்துகொள்கிறது என்பதை மேலே பார்த்தோம். யார் கொடுத்தது என்று தெரியாத ஒரு கோப்புக்கு அந்த அதிகாரத்தைக் கொடுத்தால், அது பதிவேட்டில் தன் முகவரியை மட்டும்தான் எழுதும் என்பதற்கு என்ன உறுதி? மைக்ரோசாஃப்டின் கையொப்பம் உள்ள கோப்பா என்று கோப்பின் பண்புகளில் பார்க்கலாம். விஷுவல் பேசிக் 6 இயக்கக் கூறுகளின் தொகுப்பை மைக்ரோசாஃப்டே வெளியிட்டிருக்கிறது. பழைய நிறுவல் தட்டுகளில் பல, அலமாரிகளில் இன்னும் கிடக்கின்றன.

மைக்ரோசாஃப்டின் கையொப்பமிட்ட கூறுகளும் ஆபத்துக்கு விலக்கல்ல. 2012 ஏப்ரலில் எம்எஸ்காம்சிடிஎல் என்ற கூறில் ஒரு பெரிய ஓட்டை தெரியவந்தது. பட்டியல், மரவடிவக் காட்சி போன்றவற்றைத் தரும் அந்தக் கூறு உலகெங்கும் எண்ணற்ற நிரல்களில் இருந்தது. மின்னஞ்சலில் வந்த ஓர் ஆவணத்தைத் திறந்தாலே போதும், கணினி அயலார் கைக்குப் போய்விடும். இந்த ஓட்டை பல ஆண்டுகள் உளவுக் கும்பல்களின் விருப்பக் கருவியாக இருந்தது. மைக்ரோசாஃப்ட் உடனே திருத்திய கூறை அனுப்பியது. திருத்தத்தோடு கூறின் உள்பதிப்பு எண்ணும் 2.0-இலிருந்து 2.1 ஆனது. மறுநாள் காலை நிரலாளர்கள் தங்கள் பழைய திட்டங்களைத் திறந்தபோது, பொருள் நூலகம் பதிவாகவில்லை என்ற செய்தியைக் கண்டார்கள். கூறின் பதிவை நீக்கி மறுபடி பதிவு செய்த பிறகே பலருக்கு வேலை ஓடியது. பகிர்ந்துகொள்ளும் ஏற்பாட்டில் இந்த விலை எப்போதும் உண்டு. ஒரு நிரலின் நிறுவல் தட்டு கூறின் பழைய பதிப்பைப் போட்டு, பக்கத்து நிரலைச் சாய்த்த கதைகள் 1990-களில் ஏராளம். அதற்கு நிரலாளர்கள் வைத்த பெயர் டிஎல்எல் நரகம்.

ஒரு நாடே இந்தக் கூறுகளில் மாட்டிக்கொண்டதும் உண்டு. தென்கொரியா 1990-களின் இறுதியில் தனக்கென ஒரு மறைகுறி முறையை உருவாக்கியது. இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரில் அது இல்லாததால் வங்கிகளும் கடைகளும் அதை ஆக்டிவ்எக்ஸ் எனப்படும் காம் கூறாக ஒவ்வொரு கணினியிலும் பதிவு செய்ய வைத்தன. 2014-இல் ஒரு கொரியத் தொலைக்காட்சித் தொடரின் நாயகி அணிந்த கோட்டை வாங்கச் சீன ரசிகர்கள் கொரியக் கடைத் தளங்களுக்கு வந்து, கூறுகளைப் பதிவு செய்ய முடியாமல் திரும்பிப் போனார்கள். அப்போதைய அதிபர் பார்க் கியூன்-ஹே இதை அரசுக் கூட்டத்தில் எழுப்பினார். அந்தக் கூறுகளோடு பிணைந்திருந்த அரசு அங்கீகாரச் சான்றிதழ் முறை முடிவுக்கு வந்தது 2020 டிசம்பரில்தான். ஆஃபிஸ் 2024-இல் ஆக்டிவ்எக்ஸ் கூறுகள் இயல்பாகவே முடக்கப்பட்டு வருகின்றன.

தமிழுக்கும் இதில் ஒரு தனி வருத்தம் உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1985-இல் முரசு மென்பொருளைத் தொடங்கிய காலத்திலிருந்து தமிழ்க் கணிமை இந்நாட்டில் வேரூன்றியது. ஆனால் விஷுவல் பேசிக் 6-இன் சொந்தப் பெட்டிகளும் பொத்தான்களும் யூனிகோடு அறியாதவை. நிரலின் உள்ளே எழுத்து யூனிகோடாகவே இருக்கும். திரைக்கு வரும்போது கணினியின் பழைய எழுத்து அட்டவணைக்கு மாற்றப்படும். விண்டோஸில் தமிழுக்கு அப்படி ஒரு பழைய அட்டவணையே கிடையாது. ஆகவே தமிழ்ப் பெயர் கேள்விக்குறிகளாக வரும். யூனிகோடு காட்டும் பெட்டி ஒன்று மைக்ரோசாஃப்ட் ஆஃபிஸோடு வரும் எஃப்எம்20 என்ற கூறில் இருந்தது. அதைப் பயன்படுத்தினால் வாடிக்கையாளர் பெயர் தமிழில் தெரியும். ஆனால் அந்தக் கூறைத் தனியே எடுத்துக் கொடுக்க உரிமம் அனுமதிக்கவில்லை. ஆஃபிஸ் இல்லாத கணினியில் அதே நிரல் கூறு பதிவாகவில்லை என்று நின்றுவிடும். தமிழில் சீட்டு அச்சிட விரும்பிய ஒருவர், ஆங்கிலத்தில் அச்சிடுபவருக்கு இல்லாத ஒரு சார்பைத் தன் நிரலுக்குள் சுமக்க வேண்டியிருந்தது.

பதிவே தேவையில்லாத வழி ஒன்றும் உண்டு. அது 2001-இல் விண்டோஸ் எக்ஸ்பியோடு வந்தது, கண்டுகொண்டவர்கள் குறைவு. நிரல் கோப்பின் பக்கத்திலேயே மேனிஃபெஸ்ட் என்ற ஓர் எழுத்துக்கோப்பை வைக்கலாம். இந்த எண்ணுள்ள கூறு, இந்த அடைவிலேயே இருக்கும் இந்தக் கோப்பில் இருக்கிறது என்று அதில் எழுதிவிட்டால், விண்டோஸ் முதலில் அதைப் பார்க்கும்; அங்கே கிடைத்துவிட்டால் பதிவேட்டுக்குப் போகாது. நிர்வாகி உரிமை வேண்டாம். பக்கத்து நிரல் தன் பதிப்பை மாற்றினாலும் இது அசையாது. முழு அடைவையும் தூக்கி அடுத்த கணினியில் வைத்தால் ஓடும். எல்லாக் கூறுகளும் இதற்கு இணங்குவதில்லை. பல எளிய கூறுகள் இணங்குகின்றன. மூலநிரலைத் தொடாமலே இதைச் செய்யலாம் என்பதுதான் எழுதியவர் போய்விட்ட நிரல்களுக்கு இதன் அருமை. கிள்ளான் வட்டாரத்தில் இத்தகைய நிரல்களை வைத்திருக்கும் ஒவ்வொரு கம்பெனியும், பழைய கணினி உயிரோடு இருக்கும்போதே இந்த வேலையை ஒருவரிடம் கொடுத்துச் செய்துகொள்ள வேண்டும். அந்தக் கணினியின் வட்டை முழுதாகப் படியெடுத்து மெய்நிகர் கணினியாகவும் வைத்துக்கொண்டால் இரட்டைக் காப்பு.

அவசரம் சட்டத்தின் பக்கமிருந்தும் வருகிறது; வரி மாறும்போது கட்டணம் போடும் நிரலும் மாற வேண்டும். மலேசியாவில் 2015 ஏப்ரல் 1-இல் பொருள் சேவை வரி 6 விழுக்காட்டில் வந்தது. 2018 ஜூன் 1-இல் பூச்சியமானது. அதே ஆண்டு செப்டம்பர் 1-இல் விற்பனை சேவை வரி திரும்பியது. 2024 ஆகஸ்ட் 1 முதல், ஆண்டு வருமானம் 10 கோடி ரிங்கிட்டைத் தாண்டும் நிறுவனங்களில் தொடங்கி மின் விலைப்பட்டியல் கட்டாயமாகி வருகிறது. எடைமேடை நிரல் தனித்து ஓடிய காலம் போய், அதன் எண்கள் கணக்கு மென்பொருளுக்கும் அங்கிருந்து வருமான வரி வாரியத்துக்கும் போக வேண்டிய நிலை.

அங்கே கடைசியாக ஒரு பதிவுப் பிழை காத்திருக்கிறது. பழைய எடைச்சீட்டுகள் பெரும்பாலும் ஆக்செஸ் வகைத் தரவுக்கோப்பில் இருக்கும். அதைப் படிக்கும் கூறின் பெயர் ஜெட். புதிய 64 பிட் கணக்கு மென்பொருள் அந்தக் கோப்பைத் திறக்க முயன்றால், ஜெட் வழங்கி இந்தக் கணினியில் பதிவாகவில்லை என்ற செய்தி வரும். இந்த முறை எத்தனை தடவை பதிவு செய்தாலும் பலன் இருக்காது. ஜெட்டுக்கு 64 பிட் கோப்பு என்று ஒன்றை மைக்ரோசாஃப்ட் உருவாக்கவே இல்லை. 32 பிட் கூறை 64 பிட் நிரல் தனக்குள் ஏற்ற முடியாது. அதன் வாரிசான ஏஸ் இயந்திரத்தில் 2010 முதல் 64 பிட் வடிவம் இருக்கிறது. அதை நிறுவி, இணைப்பு வரியில் ஜெட்டின் பெயரை எடுத்துவிட்டு ஏஸின் பெயரைப் போட்டால் அதே பழைய கோப்பு திறக்கும். அதுவும் முடியாத இடத்தில், 32 பிட் நிரல் ஒன்றைக் கொண்டு நாள்தோறும் எடைச்சீட்டுகளைக் காற்புள்ளி இட்ட எழுத்துக்கோப்பாக எழுதிவைக்கச் சொல்லலாம். அந்தக் கோப்பைப் படிக்க எந்தக் கூறையும் எங்கும் பதிவு செய்ய வேண்டியதில்லை.